போறணைக்குள் ஒரு தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் பூசணிக்காய் ஒன்றை நாலாகப் பிளந்து, உப்பும் மிளகும் தடவி, சேஜ் என்கிற வாசனை இலை இரண்டை நசுக்கிப் போட்டு அடுப்புக்குள் தள்ளிவிட்டு மேலே போய்விட்டாள். இல்ஃபோர்டில் எங்கள் வீடு ஒடுக்கமானது. கீழே ஒன்று வெந்தால் மேலே படுக்கையறை வரைக்கும் தெரியும். நான் முன்னறையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். "இன்னும் அஞ்சு நிமிசம் விடு பிள்ளை, நடு வேகேல்லை" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தேன். அவள் இறங்கி வந்து, முள்ளுக்கரண்டியால் குத்திப் பார்த்து, கைபேசியையும் பார்த்து, "மாமா, அதுவும் அஞ்சு நிமிசம் எண்டுதான் சொல்லுது" என்றாள். அது என்று அவள் சொன்னது புது அடுப்பை. வெந்ததா வேகவில்லையா என்று தானே பார்த்துச் சொல்கிற கருவி அதற்குள் இருக்கிறதாம். நாற்பது வருடமாக என் முகத்தின் நடுவில் இருக்கிற கருவியை யாரும் கடைக்கண்ணாடிக்குள் வைத்து விற்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். சேஜ் இலை ஓரம் கருகத் தொடங்குகிற அந்த மணம் எனக்கு ஆகாது. வாய் ஊறும், அதே கணத்தில் முதுகு குளிரும். மருமகளிடம் இதைச் சொன்னதில்லை. வயசு போய்விட்டது, டொக்டரிடம் காட்டுவோம் என்பாள். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் சிரித்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. வெம்பிளியிலிருந்து சட்டன் வரைக்கும் தமிழர் வீட்டுக் கலியாணம், பிறந்தநாள், சாமத்தியவீடு எதுவென்றாலும் என் சமையல்தான். என்னிடம் வான் ஓட்டுகிறவர் பட்டதாரி. நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பது இரண்டு தரப்புக்கும் இப்போது ஞாபகமில்லை. அதற்குப் பிறகு ஊரில் ஒரு பேக்கரியின் போறணையடியில் கிடந்தேன். பாண் சுடுகிற பெட்டியடுப்பை எங்கள் ஊரில் போறணை என்போம். அங்கே மணிக்கூடு கிடையாது. பாணின் மேல்தோல் வெடிக்கிறபோது சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும். அதைக் கேட்டு இறக்கவேண்டும். அந்தக் காதையும் இந்த மூக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு எண்பதுகளின் நடுவில் லண்டனில் வந்து இறங்கினேன்.

சட்டனில் ஒரு பப்பில் கோப்பை கழுவ எடுத்தார்கள். மூன்றாம் மாதம் சமையல்காரன் குடித்துவிட்டு வராமல் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேசைகள் நிரம்பி வழிகின்றன, மனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். நான் கழுவு தொட்டிக்குள்ளிருந்து கையை எடுத்துத் துடைத்துவிட்டுப் போறணையடிக்குப் போனேன். அன்றைக்குப் போனவன் எட்டு வருடம் அந்த இடத்தை விட்டு விலகவில்லை.

ஞாயிறு என்றால் அங்கே மாட்டிறைச்சி வாட்டல். நான் மாடு தின்னாதவன், இன்று வரைக்கும் நாக்கில் வைத்ததில்லை. ஆனால் எட்டு வருடம் சட்டனில் பாதிச் சனம் என் மாட்டிறைச்சியைத்தான் தின்றது. ருசி பார்க்காமல் எப்படி என்று கேட்பீர்கள். கொழுப்பு உருகும்போது முதலில் ஓலையில் மழை தூறுகிற சத்தம் வரும். பிறகு நாலைந்து பேர் சேர்ந்து கதைக்கிற சத்தம். பிறகு திடீரென்று வாயை மூடும். வாயை மூடுகிறபோது வெளியே எடுக்கவேண்டும். நான் போறணைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மனேஜர், இறைச்சியோடு என்ன கதை என்று நக்கலடிப்பான். நான் கதைக்கவில்லை, அதுதான் கதைக்கிறது என்பேன்.

அடி வாங்காமலும் இல்லை. யோர்க்ஷயர் புடிங் என்று ஒன்று. முட்டை, மா, பால் கரைத்துக் கொதிக்கிற கொழுப்பில் ஊற்றினால் கிண்ணம்போல எழும்பும். எழும்புகிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்தால் அவ்வளவுதான், அமர்ந்துவிடும். நம்மவருக்கு மூடியைத் திறந்து பார்க்காமல் சமைக்கத் தெரியுமா? முதல் கிழமை நாலு முறை திறந்து பார்த்தேன். அன்றைக்கு மேசைக்குப் போனதெல்லாம் தோசை. ஒரு கிழவர் அதைச் சுருட்டித் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அவர் நன்றாக இருக்கட்டும்.

இலை கொட்டத் தொடங்கினால் இந்த நாட்டின் சாப்பாடு மாறும். கோடையில் பச்சைத் தண்ணீர்போல எதையோ தின்றுகொண்டிருந்த சனம், ஐப்பசி வந்ததும் எல்லாவற்றையும் போறணைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடும். கரட்டுக்கு வெள்ளை பிடித்த மாதிரி இருக்கிற பார்ஸ்னிப் கிழங்கு, ஆட்டிறைச்சிக் கொத்தலுக்கு மேல் மசித்த உருளைக்கிழங்கு, கோலிஃபிளவர் என்கிற பூக்கோவாவுக்கு மேல் சீஸ், நவம்பரில் வெள்ளைக்காரர் வெடிகொளுத்துகிற நாளில் தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு. பார்ஸ்னிப்பில் நான் கொஞ்சம் பெருஞ்சீரகமும் மிளகும் தட்டிப் போடுவேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் அந்தக் கிழங்குக்காக வந்தார்கள்.

அந்த நாட்களில் நான் இருந்தது டொறீன் என்கிற ஒரு கிழவியின் வீட்டு மேலறையில். புருசன் செத்தவர், தனிய இருந்தவர். நான் அவரை மிஸிஸ் என்பேன், அவர் என்னை லவ் என்பார். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார் என்று தெரியாமல் முதல் இரண்டு நாள் நான் தலையைக் குனிந்துகொண்டே திரிந்தேன். அவர் பேசியது இங்கிலீசு. நான் என் வாய்க்கு வருகிறபடி எழுதுகிறேன்.

ஞாயிறு வேலை முடிந்து வர ஐந்து மணியாகும். பின்கதவால்தான் வருவேன், அது ஒருநாளும் பூட்டியிருக்காது. குசினியில் விளக்குப் போட்டிருக்காது. போறணைக் கதவின் இடுக்கால் நீலமாக ஒரு வெளிச்சம் மட்டும் தரையில் நூல்போலக் கிடக்கும். முதல் ஞாயிறு பசியோடு வந்து அதைத் திறந்தேன். உள்ளே ஒரு தட்டு, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு. மேல்தட்டைத் தூக்கினால் பன்றியிறைச்சி வாட்டல், பொருமிய தோல், பார்ஸ்னிப், சேஜும் வெங்காயமும் பாண்தூளும் பிசைந்து சுட்ட உருண்டை. எனக்காக எடுத்து வைத்திருக்கிறார், தங்கமான மனிசி என்று நினைத்துக் கரண்டியைத் தேடினேன். இருட்டுக்குள்ளிருந்து அவருடைய குரல் வந்தது. அவ்வளவு நேரமும் மேசையடியில்தான் இருந்திருக்கிறார்.

"அது உனக்கில்லை, லவ். கொலினுக்கு."

அந்த வீட்டில் கொலின் என்று ஒருவரும் இல்லை.

முன்னறைப் பெட்டகத்தின் மேல் ஒரு படம் இருந்தது. காதை மூடிய தலைமயிரோடு இருபத்தைந்து வயது மதிக்கக்கூடிய ஒருவன், யாரோ பகிடி சொன்ன மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றான். அவருடைய ஒரே மகன். ஒரு ஞாயிறு, குளிர்காலத்துக்காக நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிற ஞாயிறு, தகப்பனோடு ஏதோ வாக்குவாதப்பட்டுவிட்டு, கனநேரம் எடுக்கமாட்டேன் என்று தாயிடம் சொல்லிப் பின்கதவால் போனவன். எப்போது என்று கேட்டேன். போன வருடம் என்பார் என்று நினைத்தேன். விரலை மடித்துப் பார்த்துவிட்டுப் பதினைந்து வருடம் என்றார், பேருந்து பதினைந்து நிமிடம் பிந்திவிட்டது என்று சொல்கிற குரலில்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எனக்கு எல்லாம் உடனே விளங்குகிற வயசு அது. பெடியன் செத்துப்போனான், தாய் படையல் வைக்கிறாள். நமக்குத் தெரியாத விஷயமா? எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, மச்சம் மாமிசம் உட்பட, படத்துக்கு முன்னால் படைத்து, தண்ணீர் வைத்து, விளக்கேற்றி, அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம். செத்தவர் வந்து சாப்பிடுகிற நேரத்தில் யாரும் பார்க்கக்கூடாது. இந்த மனிசி படத்தை ஒரு பக்கம், சாப்பாட்டை ஒரு பக்கம் வைத்து, பாவம் அந்த ஆவியை இரும்புப் பெட்டிக்குள் தலையை விட்டுச் சாப்பிட வைத்திருக்கிறாள் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அந்தத் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். காகத்துக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். பின்வளவில் ஒருநாளும் ஒரு எலும்பைக் காணவில்லை. உலகச் சண்டைக் காலத்தில் தின்று தின்று வெறுத்துப்போனதால் பார்ஸ்னிப்பைத் தொடமாட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். தன் தட்டில் அதை ஓரமாக ஒதுக்கிவிடுவார். அந்தத் தட்டில் அதுவும் மிச்சமிருக்காது. இதையெல்லாம் நான் கூடுதலாக யோசிக்கவில்லை. அறை சூடாக இருந்தது, குளியலறையில் வெந்நீர் வந்தது.

இப்போது என் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கிருந்த ஒரே சகோதரம். நான் ஊரை விட்டு வெளிக்கிடுவதற்கு முந்தின வருடம், கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் காலமை ஏறினவர். ஏறினதைக் கண்டவர்கள் இருந்தார்கள். இறங்கினதை ஒருவரும் காணவில்லை. பிள்ளைகள் இல்லை. அண்ணி மூன்று வருடம் ஆமி முகாம், பொலிஸ் என்று எல்லா வாசலிலும் போய் நின்று பார்த்தார். நான் டொறீன் வீட்டில் இருந்த அந்த ஐப்பசியில் அண்ணியின் கடிதம் வந்தது. அண்ணி என்னைவிடப் படித்தவர், எழுத்து முத்து மாதிரி.

போன வருடக் கௌரி விரதத்தில் காப்புக் கட்டப் போன இடத்தில், புருசன் இருக்கிறவைக்குத்தான் இது என்று ஒரு மனிசி அவருடைய கையைத் தள்ளிவிட்டாளாம். ஊரார், செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்து முடி என்கிறார்களாம். கடைசியில் எழுதியிருந்தார்: "தம்பி, அவருக்கு இருக்கிறது நீங்கள் ஒராள்தான். செய் எண்டால் பொட்டை அழிச்சுப்போட்டுச் செய்யிறன். பொறு எண்டால் இருக்கிறன். நீங்கள் சொல்லுறதுதான்."

படித்த ஒருவர் என்னிடம் முடிவு கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்லக்கூடாது. மூன்று வருடம் பொறுத்தது காணும், ஆத்மா அலையக்கூடாது, செய்யுங்கோ என்று எழுதி ஒட்டி, கோட்டுப் பைக்குள் வைத்திருந்தேன். திங்கட்கிழமை தபாலில் போடலாம் என்று.

சனிக்கிழமை டொறீன் பின்படியில் ஈர இலை சறுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. அம்புலன்ஸ்காரர் தூக்கிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். வலி முகமெல்லாம் இருந்தது, ஆனால் கதை வலியைப் பற்றி இல்லை. நாளைக்குத்தான் மணிக்கூடு தள்ளுகிற ஞாயிறு, கொலினுக்குப் பன்றி வாட்டி வை, நெருப்பைக் கடைசி அளவில் விடு என்றார்.

"தட்டைச் சூடா வைச்சிரு. கதவைப் பூட்டாதே. வேறொண்டும் வேண்டாம்."

நான் பார்த்துக்கொள்கிறேன் மிஸிஸ், சட்டனிலேயே இப்படியொரு வாட்டல் வந்திருக்காது என்று சொன்னேன். அவருக்குத் தேவைப்பட்டது அதுவல்ல என்று அப்போது தெரியவில்லை.

ஞாயிறு வேலையை இன்னொருவனிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டில் நின்றேன். அந்த வீட்டு மணிக்கூடுகளை யாரும் பின்னுக்குத் தள்ளவில்லை. எனக்கும் ஞாபகம் வரவில்லை. வெளியில் உலகம் ஒரு நேரத்தில் நடந்தது, உள்ளே நானும் படத்திலிருந்த கொலினும் வேறொரு நேரத்தில் இருந்தோம். பன்றித்தோலை மயிரிழை மயிரிழையாகக் கீறி, உப்பைத் தேய்த்து, ஒரு மணித்தியாலம் கொழுப்பைக் கதைக்க விட்டு, வாய் மூடின கணத்தில் இறக்கினேன். தோல் கண்ணாடிபோலப் பொருமியிருந்தது. என் வாழ்நாளில் அதைவிடத் திறமாக ஒன்று செய்ததில்லை. இன்றைக்கும் சொல்வேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மிஸிஸுக்கு முறை தெரியாது, எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளைக்கு ஒருநாளாவது ஒழுங்காகப் படைத்துக் கொடுப்போம். போறணையை நிற்பாட்டினேன். தட்டை முன்னறைக்குக் கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்தேன். ஒரு கிளாஸ் தண்ணீர். என் அறையிலிருந்து ஊதுபத்தி இரண்டு. சாம்பல் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்கேற்றினேன். பின்கதவைப் பூட்டினேன். கள்ளர் திரிகிற ஊர், செத்தவனுக்குக் கதவு எதற்கு? பிறகு முன்னறைக் கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்கு வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. குசினி மணிக்கூட்டில் ஐந்தேகால். வெளியில் நாலேகால், ஆனால் அப்போதே சாம்பல் இருட்டு. சேஜ் மணமும் ஊதுபத்தி மணமும் கலந்து தொண்டையில் நின்றது.

பின்கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.

தட்டவில்லை. தட்டியிருந்தால் யாரோ அயலவர் என்று திறந்திருப்பேன். தட்டத் தேவையில்லாத ஒருவர் பிடிக்கிற மாதிரி, தன் வீட்டுக் கதவைத் திறக்கிற மாதிரி, சாதாரணமாக இறங்கியது. கதவு வரவில்லை. கைப்பிடி மெதுவாக மேலே போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டதா என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்யமுடியாது. இரண்டாம் முறை இறங்கியது, இந்த முறை முழுவதும் இல்லை, பாதி. சந்தேகப்படுகிற கைபோல. பிறகு விட்டுவிட்டது.

நான் அசையவில்லை. முருகா, முருகா என்று வாய் மட்டும் சொன்னது. ஈர இலையில் காலடி பக்கப்பாதை வழியாகப் போவது கேட்டது. பன்றிக் கொழுப்பு வாய் மூடுகிற கணத்தைக் கேட்கிற காது இது, அது பிழை விடாது. படலை கிறீச்சிட்டது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திறந்து பார்த்தபோது ஒருவருமில்லை. படலை திறந்து கிடந்தது. படியில் இலைகள் மிதிபட்டிருந்தன. முதல் நாள் அம்புலன்ஸ்காரரும் மிதித்த படிதான். தெரு வரைக்கும் ஓடிப்போனேன். மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு வந்தன. ஸ்டேஷன் பக்கமாகக் குடையில்லாமல் ஒரு முதுகு போனது. கூப்பிட வாயெடுத்தேன். என்ன என்று கூப்பிடுவது? கொலின் என்று கூப்பிட்டு, அது திரும்பிப் பார்த்தால்?

நான் கூப்பிடவில்லை. அது முனையில் திரும்பிவிட்டது.

உள்ளே வந்து முன்னறையைத் திறந்தேன். விளக்கு அப்படியே எரிந்தது. தண்ணீர் குறையவில்லை. இறைச்சியின் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது, கண்ணாடிபோல இருந்த தோல் ஈரம் பிடித்துத் தொய்ந்துவிட்டது. அப்போதுதான் என் ஐந்தாம் வகுப்பு மூளைக்கு அது எட்டியது. படைத்த சோறு ஆறும். ஆறட்டும் என்றுதான் படைப்போம். சூடாக வைக்கிறது யாருக்கு? பிந்தி வருகிறவருக்கு. பதினைந்து வருடமாக அந்த மனிசி செத்தவனுக்கு எதுவும் வைக்கவில்லை. செத்தவனுக்குக் கைப்பிடி தேவையுமில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெள்ளைத் துணிக்குள் சிறுத்துப்போய்க் கிடந்தார். தட்டு சூடாக இருந்ததா என்றுதான் முதல் கேள்வி. ஓம் என்றேன். கதவு? திறந்துதான் கிடந்தது என்றேன். சாப்பாடு என்னாயிற்று என்றார். நான் குப்பையில் கொட்டியிருந்தேன். முடிந்துவிட்டது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நீ சாப்பிட்டிட்டாய், என்ன? பரவாயில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் சாப்பிடுறனான். இருட்டினாப் பிறகு. அந்தப் பார்ஸ்னிப்பையும் சேர்த்து. அவனுக்கு வைச்சதைக் கொட்டக்கூடாது." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத்தானே சொல்கிற மாதிரிச் சொன்னார். "பதினைஞ்சு வருசத்திலை அந்தக் கைப்பிடி ஒருக்கால்கூட அசைஞ்சதில்லை."

நான் பேச்சில் தோற்காதவன், கேட்டுப் பாருங்கள், வெம்பிளி முழுக்கச் சொல்வார்கள். அன்றைக்குக் கொண்டுபோன திராட்சைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த மாலை கோட்டுப் பைக்குள்ளிருந்த கடிதத்தைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். நான் நீளமாக எழுதத் தெரியாதவன். அண்ணி, இப்ப செய்யவேண்டாம், கதவைப் பூட்டாமல் விடுங்கோ, அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை. சட்டனில் ஒரு கைப்பிடி அசைந்தது என்று ஊருக்கு எப்படி எழுதுவது?

மார்கழி நத்தார்ப் பண்டிகை வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் வேலையிலிருந்து ஓடி வந்து வாட்டினேன். தட்டைச் சூடாக வைத்தேன். கதவைப் பூட்டவில்லை. இருட்டினாப் பிறகு, முறையாக, நானே சாப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. டொறீன் திரும்பி அந்த வீட்டுக்கு வரவில்லை. அவருடைய சகோதரி மகள் வந்து கடற்கரைப் பக்கம் முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போனாள், வீட்டை விற்றார்கள். நான் அவரிடம் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சந்தோசப்பட்டிருப்பாரா, என்னைச் சபித்திருப்பாரா என்று இப்போதும் ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு விதமாக நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணியை இங்கே எடுப்பித்தேன். அதற்குள் கலியாணம் கட்டி, இல்ஃபோர்டில் வீடெடுத்து, சொந்தமாகச் சமையல் தொழில் தொடங்கியிருந்தேன். அண்ணி வந்து இறங்கினபோது நெற்றியில் பொட்டு பெரிதாக இருந்தது, முந்தியைவிடப் பெரிதாக. என் குசினியில் எனக்கு வலதுகை அவர்தான். யாரோ டொக்டர் வீட்டு நத்தார் விருந்துக்கு வான்கோழி வாட்டின ஒரு நாள், இரண்டு பேரும் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தோம். என்ன நினைத்தாரோ, தலையை நிமிர்த்தாமல் கதை தொடங்கினார்.

"உங்கட காயிதம் வர முதலே நான் ஐயரிட்டை நாள் கேட்டு வைச்சிருந்தனான், தம்பி. செய் எண்டுதான் எழுதுவியள் எண்டு நினைச்சன். ஒருக்கா அழுது முடிச்சிடலாம் எண்டு இருந்தன்."

பிறகு ஏன் செய்யவில்லை என்று கேட்டேன்.

"அந்த நேரம் காயிதத்திலை எதையும் திறந்து எழுத ஏலாதுதானே. கதவைப் பூட்டாதேங்கோ எண்டு நீங்கள் எழுதினதை, ஆரோ அவரைக் கண்டு உங்களுக்குச் சொல்லியிருக்கினம் எண்டுதான் நான் எடுத்தன்." கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இப்ப சொல்லலாந்தானே. ஆர் கண்டது?"

எத்தனை வருடம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒருவரும் காணவில்லை அண்ணி, ஒரு வெள்ளைக்கார மனிசியின் குசினியில் எனக்குப் பயம் பிடித்தது, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கவேண்டும். அதுதான் உண்மை. போறணையில் வான்கோழியின் கொழுப்பு கதைத்துக்கொண்டிருந்தது. அது வாயை மூடுகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒராள் கண்டதாம், அண்ணி" என்றேன். "தூரத்திலை. முதுகைத்தானாம்."

அவர் தலையை ஆட்டினார். மழைக்குள்ளையா என்று கேட்டார். ஓம் என்றேன். குடை வைச்சிருந்தவரா என்றார். இல்லை என்றேன். அவர் எப்பவும் அப்பிடித்தான், குடை கொண்டு போகமாட்டார் என்று சொல்லிவிட்டு மறுபடி கிழங்கை எடுத்தார்.

தொண்ணூறுகள் முடிய முதல் அண்ணி போய்விட்டார். மாரடைப்பு, இரண்டு நாள் ஆஸ்பத்திரி. குளிப்பாட்டி உடுத்துகிற இடத்துக்குப் போன பெண்கள் ஒரு சேலையும் எடுக்காமல் திரும்பி வந்தார்கள். சுமங்கலியாக உடுத்துவதா, மற்றப்படியா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என் மனைவிதான் வந்து கேட்டாள். "நீங்கள்தான் சொல்லவேணும்" என்றாள். இரண்டாம் முறையாக அந்த முடிவு என் வாய்க்கு வந்து நின்றது. இந்த முறை நெஞ்சு நிமிரவில்லை.

கூறைச்சேலை உடுத்துங்கோ, பூ வையுங்கோ, குங்குமம் வையுங்கோ என்றேன். அவருடைய கலியாணக் கூறை இடப்பெயர்வில் போய்விட்டது. வெம்பிளியில் புதிதாக ஒன்று வாங்கி வந்தோம். சிவப்பு. பெட்டிக்குள் அவர் வடிவாக இருந்தார், புருசன் உள்ள மனிசி மாதிரியே.

ஆகவே, என் சொல்லின்படி, அண்ணை இன்னும் உயிரோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டியிருக்கும். டொறீனின் வீட்டை இடித்து மூன்றடுக்கு மாடிக் குடியிருப்புக் கட்டிவிட்டார்கள். பப் இருந்த இடத்தில் ஜிம். அண்ணையோடு படித்தவர்கள், அவர் பஸ் ஏறினதைக் கண்டவர்கள், ஒவ்வொருவராக முடிந்துபோனார்கள். அவருடைய படம் ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த முகம் தெரிந்த ஆள் இனி நான் ஒருவன்தான். வெம்பிளித் தெருவில் வயதான தமிழர் யாராவது மழைக்குள் குடையில்லாமல் எதிரே வந்தால் நின்று பார்க்கிறேன். அவர்களும் சில வேளை நின்று பார்க்கிறார்கள். எனக்கு இப்போது கண் நன்றாக மங்கிவிட்டது. அவர்கள் என்ன முகத்தோடு பார்க்கிறார்கள் என்று தெரிவதில்லை.